கோழிக்குஞ்சுக்கு முதலில் கல், பிறகு நொறுக்குத்தீனி

தாய்க்கோழியோடு வாசலில் மேயும் குஞ்சுக்கு யாரும் கல் தேடிக் கொடுப்பதில்லை. பொரித்த மூன்றாம் நாளே கோழி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய்விடும். அங்கே காலால் மண்ணைச் சீய்த்து, அகப்பட்ட பூச்சியையோ குருணையையோ அலகால் எடுத்து, உடனே கீழே போட்டு, மறுபடியும் எடுத்துப் போட்டு, 'கொக் கொக்' என்று விடாமல் அழைக்கும். ஓடிவரும் குஞ்சுகள் அந்த இரையைக் கொத்தும்போது அதில் ஒட்டியிருக்கும் மணலையும் சேர்த்தே விழுங்கும். எது இரை, எது கல், எதை எவ்வளவு விழுங்கலாம் என்பதெல்லாம் ஒரு வாரத்துக்குள் அவற்றுக்குப் பழகிவிடும்.

இன்று நம்மில் பலர் குஞ்சு வளர்க்கும் விதம் வேறு. இன்குபேட்டரில் பொரித்த சிறுவிடை, அசில் போன்ற நாட்டுக்கோழி இனக் குஞ்சுகளைப் பத்து, இருபது என்று வாங்கிவந்து, அட்டைப்பெட்டியிலோ தகரத் தடுப்புக்குள்ளோ உமி பரப்பி, மேலே பல்பு தொங்கவிட்டு வளர்க்கிறோம். அந்தக் குஞ்சுக்குத் தாயும் இல்லை, மண்ணும் இல்லை. ஆகவே, தாய்க்கோழி செய்துவந்த இரண்டு வேலைகள் நம் கைக்கு வந்துவிடுகின்றன: விழுங்கிய இரையை வயிற்றுக்குள் அரைப்பதற்குக் கல் கொடுப்பது ஒன்று, தீவனத்துக்கு மேலே கொடுக்கும் நொறுக்குத்தீனியை அளவறிந்து கொடுப்பது மற்றொன்று. கல் முதலில் வர வேண்டும், நொறுக்குத்தீனி அதற்குப் பின்னால்தான் வர வேண்டும்.

இந்த வரிசையை மாற்றிக் குஞ்சை இழந்த அனுபவம் எனக்கு உண்டு. மொட்டைமாடியில் பதினெட்டுக் குஞ்சுகளை வளர்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள், தீவனத்தைவிட ஆசையாகத் தின்கின்றனவே என்று ஒரு கைப்பிடி முழுக் கம்பை எடுத்துப் போட்டேன், மறுநாளும் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டு குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டு மூலையில் நின்றன. இரவெல்லாம் ஒன்றும் தின்னாத நிலையிலும் அவற்றின் கழுத்தடி புடைத்து இறுகியிருந்தது. ஒன்று அன்று மாலையே இறந்தது. அதைக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனபோது, மருத்துவர் அரைவைப்பையைப் பிளந்து தட்டில் கொட்டிக் காட்டினார். கம்பு முழுசு முழுசாக, தோல்கூட உரியாமல் கிடந்தது. இடையிடையே நாலைந்து உமி. கல் ஒன்றுகூட இல்லை. "பல் முளைக்காத குழந்தைக்கு முறுக்கு கொடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

அரைவைப்பையின் வேலை

கோழிக்குப் பல் இல்லை. கொத்திய இரை முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. அங்கிருந்து சிறிது சிறிதாக இறங்கி, செரிமான நீர் சுரக்கும் சிறு வயிற்றைக் கடந்து, அரைவைப்பைக்குள் போகிறது. கறிக்கடையில் உள்ளே இருக்கும் மஞ்சள் தோலை உரித்துவிட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கெட்டியான சதைப்பைதான் அது. அந்த மஞ்சள் தோல் அம்மியின் மேற்பரப்பைப் போலச் சொரசொரப்பானது. சதை நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை இறுகித் தளரும்போது, உள்ளே கிடக்கும் கற்கள் குழவியைப் போல உருண்டு தானியத்தை நசுக்குகின்றன. உருண்டு உருண்டு கல்லின் விளிம்பும் மழுங்கும். தேய்ந்து சிறுத்தபின் அது எச்சத்தோடு வெளியேறிவிடும். ஆகவே கல் என்பது ஒருமுறை கொடுத்தால் போதும் என்று விட்டுவிடும் பொருளன்று. ஆனாலும் ஒரு கல் பல நாள்கள், சில வேளை பல வாரங்கள்கூட உள்ளே தங்கியிருக்கும் என்பதால், தினமும் அளந்து ஊட்ட வேண்டிய பொருளும் அன்று.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனம் ஏற்கெனவே மாவாக அரைக்கப்பட்டது. தீனிப்பையின் ஈரத்திலேயே கரைந்துவிடும். அந்தத் தீவனத்தைத் தவிர வேறொன்றும் கொடுக்காதவரை குஞ்சுக்குக் கல் கட்டாயம் இல்லை. முழுத் தானியம், கீரை, பூச்சி, புல் என்று வேறு எதைக் கொடுக்க நினைத்தாலும் அதற்கு இரண்டு நாள் முன்பே கல் உள்ளே போயிருக்க வேண்டும். உமியின் மேல் நிற்கும் குஞ்சு அந்த உமியையும் கொத்தித் தின்னும் என்பதால், நொறுக்குத்தீனியே கொடுக்காதவர்களும் இரண்டாம் வாரத்திலிருந்து சிறிது கல் தூவிவைப்பது நல்லது என்பது என் கருத்து.

அரிசியில் கல் பொறுக்கும் வழக்கம் இருந்த காலத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. என் அப்பத்தா மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, முறத்தில் அரிசி புடைத்து, ஒதுங்கிய நொய்யையும் பொறுக்கிய கல்லையும் சேர்த்தே வாசலில் வீசுவார். கோழிகளுக்குத் தீனியும் அம்மிக்கல்லும் ஒரே வீச்சில் கிடைத்தன. இப்போது பையில் வரும் அரிசியில் கல்லே இருப்பதில்லை.

எந்தக் கல், எந்த அளவு

தீவனக் கடையில் போய் 'கிரிட்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் தவறான பொருள்தான் கிடைக்கும். முட்டைக்கோழிப் பண்ணைகள் நிறைந்த நம் மாநிலத்தில் 'கிரிட்' என்ற சொல் பொதுவாகக் கிளிஞ்சல் நொறுங்கலையோ சுண்ணாம்புக்கல் நொறுங்கலையோ குறிக்கும். முட்டை ஓடு கெட்டியாக அமையக் கால்சியம் தருவது அதன் வேலை. அது வயிற்று அமிலத்தில் கரைந்துவிடும், அரைக்க நிற்காது. அதைவிடக் கேடு என்னவென்றால், அதிலுள்ள கால்சியம் குஞ்சுக்குத் தாங்காது. முட்டையிடும் கோழியின் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்கோ ஏறத்தாழ 1 சதவீதமே போதும். அளவு மிஞ்சினால் சிறுநீரகம் கெட்டு, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளைப் படலமாகப் படியும். வெளியே பார்த்தால் குஞ்சு வாடி நிற்பது மட்டும்தான் தெரியும். ஆகவே முட்டைக்கோழித் தீவனம், கிளிஞ்சல், முட்டை ஓட்டுத்தூள் ஆகிய மூன்றும் குஞ்சுக்கு வேண்டாம். முட்டையிடும் பருவம் நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நமக்குத் தேவை கரையாத கல். கருங்கல், வெங்கச்சங்கல், ஆற்று மணலில் கிடக்கும் பருமணல் எல்லாம் இந்த வகையில் சேரும். கையில் இருப்பது எந்த வகை என்று ஐயமாக இருந்தால், ஒரு கரண்டிக் கல்லின்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்துவிட்டு, காதருகே கொண்டுபோய்க் கவனியுங்கள். சுண்ணாம்பு வகையானால் சிறு சிறு குமிழி எழும்பும், மெல்லிய 'ஸ்ஸ்' ஓசையும் கேட்கும். கருங்கல்லும் ஆற்று மணலும் அசையாமல் கிடக்கும்.

அளவை மில்லிமீட்டரில் சொன்னால் யாருக்கும் கையில் நிற்பதில்லை. தானியத்தை வைத்துச் சொன்னால் மறக்காது. முதல் மூன்று வாரத்துக்குக் கேழ்வரகு அளவுக் கல், அதாவது 1 முதல் 2 மில்லிமீட்டர். நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம்வரை கம்பு அளவு. அதற்குமேல் சோள அளவு (மக்காச்சோளம் அன்று). வளர்ந்த கோழி மிளகளவுக் கல்லையும் விழுங்கும். கல்லும் தானியமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் சரியாக இருக்கும் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கேழ்வரகு அளவுக் கல்லை விழுங்கும் குஞ்சுக்குச் சோளம் போடக் கூடாது.

சலிப்பதற்குச் சமையலறைச் சாமான்களே போதும். உலர்ந்த ஆற்று மணலை முதலில் தேநீர் வடிகட்டியில் போட்டுச் சலித்தால் மாவுபோன்ற பொடிமணல் கீழே போய்விடும். அது நமக்கு உதவாது. வடிகட்டியில் தங்கியதை, கேழ்வரகு மட்டும் நுழையும் கண்ணுள்ள சல்லடையில் மறுபடி சலித்தால், கீழே விழுவதுதான் குஞ்சுக்கல். மேலே தங்கியதை வீசிவிட வேண்டாம். ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்த மாதம் அதுவே உதவும். சலித்த கல்லை அரிசி களைவதுபோல நான்கைந்து தண்ணீர் மாற்றிக் களைய வேண்டும், கடைசித் தண்ணீர் தெளிவாக வரும்வரை. பிறகு ஒருமுறை கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஆழாக்குக் கல் இருந்தால் இருபது குஞ்சுகளுக்குப் பல வாரம் வரும்.

ஆற்று மணல் கிடைக்காத ஊர்களில் எம்சாண்ட் பயன்படுமா என்று கேட்பார்கள். அது கருங்கல்லை உடைத்த பொடிதான் என்பதால், தூசி முழுவதும் போகும்படி சலித்துக் களைந்தால் பயன்படும். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடத்துக் குவியலிலிருந்து அள்ளக் கூடாது. அதில் சிமெண்ட் கலந்திருக்கும். கம்பித் துணுக்கும் ஆணியும் கிடக்கும். பளபளப்பான எதையும் கொத்திப் பார்ப்பது குஞ்சின் இயல்பு, அரைவைப்பைக்குள் போன கம்பித் துண்டு சதையைக் குத்திக் கிழித்துவிடும். கடல் மணல் வேண்டவே வேண்டாம். எவ்வளவு களைந்தாலும் உப்புப் போயிற்றா என்று நமக்குத் தெரியாது. சிப்பித் துண்டும் அதில் கலந்திருக்கும்.

தொடங்கும் நாள்

முட்டைக்குள் இருக்கும்போதே மஞ்சள் கருவின் எச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. அந்தச் சேமிப்பு இரண்டு மூன்று நாள்வரை உயிரைத் தாங்கும். அதற்காகப் பட்டினி போட வேண்டும் என்று பொருளில்லை. வந்தவுடன் தண்ணீர், அது குடித்துத் தெம்பானதும் குஞ்சுத் தீவனம் என்று தொடங்குவதே நல்லது. இந்த முதல் ஐந்தாறு நாளில் தீவனமும் தண்ணீரும் மட்டுமே. உமியின்மேல் ஒரு சாக்கை விரித்து அதன்மேல் தீவனத்தைத் தூவினால் குஞ்சு உமியைத் தீனி என்று எண்ணித் தின்னாது. செய்தித்தாள் விரிப்பவர்கள் உண்டு, அது வழுக்கும். வழுக்கும் தரையில் நின்ற குஞ்சுக்குக் கால் அகன்றுபோகும் என்பதால் சாக்கே மேல்.

ஏழாம் எட்டாம் நாளில் கல்லைத் தொடங்கலாம். முதல் தடவை கல்லைக் கிண்ணத்தில் குவித்துவைக்கக் கூடாது. புதிதாக எதைக் கண்டாலும் கொத்திப் பார்க்கும் வயதில், பசியோடு இருக்கும் குஞ்சு தீவனம் என்று எண்ணிக் கல்லாலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளும். தோசைமேல் பொடி தூவுவதுபோல, இரண்டு விரலால் எடுத்த அளவை, தீவனத் தட்டின்மேல் பரவலாகத் தூவினால் போதும். பத்துக் குஞ்சுக்கு நாளொன்றுக்கு ஒரு சிட்டிகை. இப்படி மூன்று நான்கு நாள் தூவி, குஞ்சுகளுக்குக் கல் பழகியபின், தீவனத் தட்டு நிறைந்திருக்கும் வேளையில், ஒரு சிறு கிண்ணத்தில் கல்லைத் தனியே வைக்கலாம். வயிறு நிறைந்த குஞ்சு தனக்கு வேண்டிய கல்லை மட்டும் எடுத்துக்கொள்ளும். கிண்ணத்தை ஓரமாக, எச்சம் விழாத உயரத்தில் வைக்க வேண்டும். நனைந்தாலோ எச்சம் பட்டாலோ கொட்டிவிட்டு மாற்ற வேண்டும். கல்தானே என்று விட்டுவிட்டால் இரத்தக்கழிச்சல் நோயின் கிருமி அதன்வழி உள்ளே போகும்.

நொறுக்குத்தீனி

குஞ்சுத் தீவனத்தில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் உண்டு. அதற்கேற்ற உயிர்ச்சத்துகளும் தாதுக்களும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். நொய்யரிசியில் புரதம் 8 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது, கேழ்வரகில் அதைவிடச் சற்றுக் குறைவு, கம்பில் 11 சதவீதம் அளவு. ஆகவே, நாம் ஆசையாகப் போடும் ஒவ்வொரு பிடித் தானியமும் குஞ்சின் வயிற்றில் புரதம் இருக்க வேண்டிய இடத்தை மாவுச்சத்தால் நிரப்புகிறது. நொய்யை மட்டுமே தின்று வளரும் குஞ்சு ஆறாம் வாரத்திலும் இறகு சரியாக மூடாமல், கால் மெலிந்து திரிவதற்கு இதுவே காரணம். நொறுக்குத்தீனி மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்ற பொதுவிதி இதனால்தான் வந்தது.

பத்தில் ஒரு பங்கு என்பது நம் கண்ணுக்கு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். இரண்டாம் வாரத்து நாட்டுக்கோழிக் குஞ்சு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 10 கிராம் தீவனம் தின்னும் என்று வைத்துக்கொண்டால், அதற்கான நொறுக்குத்தீனி 1 கிராம். பத்துக் குஞ்சுக்கு 10 கிராம், அதாவது வேகவைத்த ஒரு முட்டையில் கால் பாகம். முழு முட்டையை உதிர்த்துப் போட்டால் அவை மிச்சம் வைக்காமல் தின்னத்தான் செய்யும். அவை தின்றதை வைத்து நாம் அளவை முடிவு செய்யக் கூடாது.

முட்டையிலிருந்தே தொடங்கலாம். கெட்டியாக வேகவைத்து, ஓடு நீக்கி, கையால் புட்டுப்போல உதிர்த்துக் கொடுத்தால் அது மென்மையானது, புரதம் மிக்கது; அரைக்கக் கல்லும் அதிகம் தேவைப்படாது. வண்டியில் வந்து சோர்ந்துபோன குஞ்சை மீட்க இதைவிட நல்ல பண்டம் எனக்குத் தெரியாது. ஆனால் வெயில் காலத்தில் அரை மணி நேரத்துக்குமேல் தட்டில் கிடக்கவிடக் கூடாது. பல்பின் சூட்டில் அது சீக்கிரம் கெட்டுப்போகும்.

அடுத்தது கரையான். நம் ஊர்க் குஞ்சுகளுக்கு இதற்கு இணையான நொறுக்குத்தீனி வேறில்லை என்றே சொல்வேன், காசும் ஆகாது. ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, தென்னை மட்டை நார், ஓலைத் துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கரையான் புற்றோ கரையான் ஏறிய பட்ட மரமோ உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்துவைக்க வேண்டும். செம்மண் நிலத்தில் ஒரே இரவில் பானை நிறைந்துவிடும். கரிசலில் இரண்டு நாள் ஆகலாம். விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன், பானையை எடுத்து ஒரு தட்டின்மேல் தட்டினால் வெள்ளை வெள்ளையாகக் கொட்டும். இரண்டாம் வாரத்துக் குஞ்சுகள் முதலில் தயங்கிப் பின்வாங்கும். ஒன்று துணிந்து ஒரு கரையானைக் கவ்விக்கொண்டு ஓடும், மற்றவை தட்டில் இருக்கும் ஆயிரத்தை விட்டுவிட்டு அந்த ஒன்றைப் பறிக்க அதன் பின்னாலேயே ஓடும். இரண்டாம் நாள் தட்டின் ஓசை கேட்டாலே போதும். கரையானோடு ஒட்டிய மண்ணும் உள்ளே போவதால் தாய்க்கோழியின் பாடம் ஓரளவு இங்கேயும் நடந்துவிடுகிறது. கரையான் மருந்து தெளித்த வீட்டுச் சுவரோரமோ, பூச்சிக்கொல்லி அடித்த வயலோ ஆகாது என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மழை விட்ட மாலையில் விளக்கடியில் விழும் ஈசலையும் இதே போலக் கொடுக்கலாம்.

மண்புழுவைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். குஞ்சுகள் விரும்பித்தான் தின்னும், ஆனால் கோழிகளின் குடற்புழுக்கள் சில மண்புழு வழியாகப் பரவக்கூடியவை. கோழிகள் பல காலமாக மேய்ந்த மண்ணிலிருந்து தோண்டியதைச் சிறு குஞ்சுக்குப் போடாமல் இருப்பது நல்லது.

கீரையை இரண்டாம் வாரக் கடைசியில், கல் பழகியபின், தொடங்கலாம். முருங்கைக்கீரை, அகத்தி, கொத்தமல்லித் தழை, அசோலா (தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடி) எதுவானாலும் கேழ்வரகு அளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். நீளமான புல்லும் கீரைத்தண்டும் தீனிப்பையில் நூல்கண்டுபோலச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். மூன்று வாரம் கடந்த குஞ்சுகளுக்கு நறுக்காமல் கொடுக்க வேண்டுமானால், ஒரு முருங்கைக் கொத்தை அலகு எட்டும் உயரத்தில் இறுகக் கட்டித் தொங்கவிடலாம். கட்டியிருப்பதால் குஞ்சு இழுத்துக் கிழித்துத் துணுக்குத் துணுக்காகத்தான் தின்ன முடியும். உமியில் விழுந்து எச்சத்தோடு மிதிபடுவதும் இல்லை. ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் குஞ்சுகளுக்கு இது ஒரு பொழுதுபோக்காகவும் அமையும். அசோலாவைத் தொட்டியிலிருந்து எடுத்து அப்படியே போடாமல், நல்ல தண்ணீரில் அலசி, நீர் வடித்துக் கொடுக்க வேண்டும். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால், அதிகம் தின்ற குஞ்சுக்கு எச்சம் இளகும்.

தானியத்துக்கு அவசரமே இல்லை. மூன்றாம் வாரத்தில் கேழ்வரகும் தினையும் ஒரு சிட்டிகை; நான்காம் வாரத்தில் உடைத்த கம்பு; ஆறாம் வாரத்துக்குமேல் முழுக் கம்பு, நொறுக்கிய மக்காச்சோளம். மாலையில் அடைப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கொடுத்தால், இரவு முழுவதும் அரைவைப்பைக்கு வேலை இருக்கும். பகல் முழுக்கத் தீவனம் தின்ற வயிற்றில் அதற்கு இடமும் குறைவு என்பதால் அளவு தானாகவே கட்டுப்படும். நொறுக்குத்தீனியைக் காலையில் முதலில் போடும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. கரையான் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

நறுக்கிய சின்ன வெங்காயத்தைக் குஞ்சுக்கு மருந்தாகக் கொடுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. இரண்டு மூன்று குமிழை மிகப் பொடியாக நறுக்கி இருபது குஞ்சுக்கு எப்போதாவது கொடுப்பதில் தவறில்லை. நல்லது என்று கேள்விப்பட்டுத் தினமும் கைப்பிடி கைப்பிடியாகப் போடக் கூடாது. வெங்காயம் மிஞ்சினால் பறவைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக்கூடும். வெங்காயம் கொடுத்துவிட்டோம் என்று வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்பூசியைத் தவிர்ப்பதும் தவறு.

போடக் கூடாதவை

வீட்டில் மிஞ்சியது எல்லாம் கோழிக்கு என்ற எண்ணம் வளர்ந்த கோழிக்கே முழுக்கப் பொருந்தாது. குஞ்சுக்கு அறவே பொருந்தாது. முதல் எதிரி உப்பு. மிக்சர், அப்பளம், ஊறுகாய் பட்ட சோறு, குழம்பு ஊற்றிய இட்லி, கருவாட்டுத் தலை எல்லாம் வளர்ந்த கோழியைச் சும்மா விட்டாலும் 60 கிராம் எடையுள்ள குஞ்சைச் சும்மா விடா. உப்பு மிஞ்சிய குஞ்சு தண்ணீர்த் தட்டை விட்டு நகராது, எச்சம் தண்ணீராகப் போகும், பிறகு தள்ளாடி விழும். தயிர்ச்சோறும் பாலும் இன்னொரு பழக்கம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி கோழிக்கு இல்லாததால் கழிச்சல்தான் மிஞ்சும்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் வெயிலில் காயவைத்துப் போட்டுவிடலாம் என்று எண்ணக் கூடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இளம் வான்கோழிகள் இறந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு அந்த ஆராய்ச்சியில்தான் கண்டறியப்பட்டது. அந்த நஞ்சு வெயிலுக்கும் போகாது, கொதிக்கவைத்தாலும் போகாது. அது ஈரலைத் தாக்கும், வயது குறையக் குறையத் தாக்குதல் கூடும். வேகாத மொச்சை, ராஜ்மா போன்ற கொட்டைகள், மரவள்ளித் தோலும் இலையும், வெண்ணெய்ப்பழம், சாக்லேட் ஆகியவையும் விலக்க வேண்டியவை. செத்த எலியிலோ அழுகிய இறைச்சியிலோ நெளியும் புழுவைக் கரையானுக்கு மாற்றாக எண்ண வேண்டாம். கழுத்தைத் தூக்க முடியாமல் செய்துவிடும் கொடிய நஞ்சு அதன்வழி வரும்.

தொட்டுப் பார்ப்பது

கொடுத்தது சரியா என்று குஞ்சின் கழுத்தடியே சொல்லும். இரவு அடைத்தபின், ஒரு குஞ்சை உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடித்து, மார்புக்கு மேலே, குஞ்சின் வலப்பக்கமாகச் சற்றுத் தள்ளி, ஆட்காட்டி விரலின் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். நன்றாகத் தின்ற குஞ்சின் தீனிப்பை, பிசைந்த சப்பாத்தி மாவை மெல்லிய துணியில் கட்டியதுபோல மெத்தென்று இருக்கும். தானியம் தின்றிருந்தால் விரலுக்கு நெருநெருவென்று தட்டுப்படும். அதே குஞ்சை விடியற்காலையில், தீவனம் வைப்பதற்கு முன் தொட்டால் அந்த இடம் தட்டையாகக் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாக இருந்தால் அடைப்பு. தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்து, வாயில் புளித்த வாடை வந்தால் உள்ளே நொதித்துவிட்டது.

அடைப்பு தொடக்க நிலையில் இருந்தால் அன்று தீவனத்தை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை மட்டும் வைத்து, தீனிப்பையை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மிக மெதுவாக நீவிவிடலாம். ஒரு சொட்டு நல்லெண்ணெயை அலகின் ஓரத்தில் விடுவதும் உண்டு. தலைகீழாகப் பிடித்துப் பிதுக்குவதை எங்கேயாவது பார்த்திருந்தால் அதைச் செய்யாதீர்கள், வெளியே வரும் நீர் மூச்சுக்குழலுக்குள் போய்க் குஞ்சு அங்கேயே இறந்துவிடும். மாலைக்குள் தளரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

செரிக்காததற்கு எப்போதும் கல்லே காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் வாரத்தில் பல்பின் கீழே 35 டிகிரி சூடு இருக்க வேண்டும். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். குளிரில் நடுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவியும் குஞ்சுகளுக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. எச்சம் பின்புறத்தில் ஒட்டிக் காய்ந்து வழியையே அடைத்துவிடும். அதை இழுத்துப் பிய்க்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்தெடுத்து, உலர்த்தி, பல்பை இறக்கிக் கட்ட வேண்டும். மூன்று வார வயதுக்குமேல் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது நொறுக்குத்தீனியின் குற்றம் அன்று. இரத்தக்கழிச்சல் என்றே கொண்டு, அன்றே மருந்து வாங்கி, ஈர உமியை அள்ளி மாற்ற வேண்டும்.

ஐந்தாறு வாரத்தில், இறகு மூடிய குஞ்சுகளை வெயில் வந்தபின் தரையில் இறக்கிவிடும்போது, கல் கிண்ணத்தை எடுத்துவிடலாமா என்ற கேள்வி வரும். செம்மண் சரளை நிலமானால் எடுத்துவிடலாம், இரண்டே நாளில் அவை தம் கல்லைத் தாமே பொறுக்கிக்கொள்ளும். கரிசலிலும் வண்டலிலும் விரலால் துழாவினாலும் ஒரு கல் அகப்படாது. சிமெண்ட் முற்றமும் மொட்டைமாடியும் அப்படியே. அங்கெல்லாம் கிண்ணம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். முன்பு சலித்தபோது மேலே தங்கியது என்று எடுத்துவைத்த டப்பாவை இப்போது திறந்து, கம்பு அளவுக் கல்லை மட்டும் பிரித்து அதில் நிரப்புங்கள்.